கியர்பாக்ஸும் மார்கழிக் கோலமும்

எழுபதுகளின் தொடக்கத்தில் மந்தைவெளியில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். என் கணவர் திருநெல்வேலிப் பக்கம். குடும்ப ஜவுளிக்கடை தி. நகரில். வாரநாளில் பஸ்ஸில் கடைக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பழைய காரில், அடையாற்றின் காலிச் சாலைகளில், எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று நான் ஆசைப்பட்ட முதல் விஷயம் அதுதான். லைசென்ஸ் பரீட்சைக்கு மார்கழியில் வரச் சொல்லியிருந்தார்கள்.

காரை நிறுத்த இருந்த ஒரே இடம் கேட்டுக்கு உள்ளே, தெருவிலிருந்து வீட்டுக்கு ஏறும் சிமெண்ட் சரிவு. ஐப்பசியில் கார் ஒழுக ஆரம்பித்தது. சொட்டுகிற எண்ணெய் சரிவில் இறங்கி, கேட்டுக்கு வெளியே வீட்டுக்கார மாமி கோலம் போடும் இடத்தில் போய்த் தேங்கும். மாமி மாடியில் இருந்தார். மார்கழியில் அவர் போடும் கோலத்தைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்தெல்லாம் வருவார்கள்.

"ஏண்டிம்மா, எண்ணெய் மேல மாவு நிக்க மாட்டேங்கறது. மார்கழி பொறக்கறதுக்குள்ள இந்தக் கார் இங்கேர்ந்து போயாகணும். சொல்லிட்டேன்."

"வித்துருவோமா?" என்றார் இவர், வெகு சாதாரணமாக. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"லைசென்ஸ் என் கைக்கு வராம வண்டி எங்கயும் போகாது" என்றேன்.

முதலில் எது ஒழுகுகிறது என்று தெரியவேண்டும். ராத்திரி காருக்கடியில் பழைய பேப்பரை விரித்து வைத்தோம். என்ஜின் எண்ணெயாக இருந்தால் கறுப்பாக இருக்கும், பிரேக் எண்ணெய் தண்ணீர்போல இருக்கும். காலையில் பேப்பரில் இருந்தது விளக்கெண்ணெய் பதத்தில், தேன் நிறத்தில், அழுகின முட்டை நாற்றத்தோடு இருந்தது. கியர் எண்ணெய். தெருமுனை மெக்கானிக், "பின்னால சீல் பூட்ச்சு சார், மாத்திட்டா நின்னுடும்" என்றார். எண்ணெய் கசியாமல் அடைக்கும் அந்த ரப்பர் வளையத்தை மாற்றினார். நிற்கவில்லை. இன்னொரு சீல் மாற்றினார். அதுவும் அப்படியே.

இவர் ஞாயிறுதோறும் காரின் தரைவிரிப்பைத் தூக்கி, அடியிலிருந்த ரப்பர் மூடியைத் திறந்து, கியர்பாக்ஸின் எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்ப்பார். எண்ணெய் எப்போதும் குறைவாகவே காட்டும். "ஒழுகுதுல்லா, குறையத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டு ஊற்றுவார்.

ஒருநாள் மாமியின் பாழான கோலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எண்ணெய் எங்கே நுழைந்து எந்த வழியாகப் போயிருக்கிறது என்பது வெள்ளை மாவில் அச்சடித்தாற்போலத் தெரிந்தது. மாடிக்குப் போய் ஒரு கிண்ணம் கோலமாவு கேட்டேன்.

"எதுக்குடி?"

"காருக்கு மாமி."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் கொடுத்தார்.

மெக்கானிக் ஷெட்டில் காரைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, கியர்பாக்ஸை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார்கள். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, மாவை அள்ளி அள்ளி அடித்தேன்.

"இன்னாம்மா, வண்டிக்குப் பவுடர் போட்டுக்கினு கீறே" என்றார் மெக்கானிக்.

அடையாறு வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தோம். சீலைச் சுற்றி ஆரம்பிக்க வேண்டிய கறை, கியர்பாக்ஸின் மேல்மூடியிலிருந்த சின்ன மூச்சுத்துளையில் ஆரம்பித்திருந்தது. அங்கிருந்து பக்கவாட்டில் வழிந்து, பின்பக்கம் வந்து சொட்டியிருந்தது. மெக்கானிக் அளவுகோலை உருவினார். ஷெட்டின் தரை சமம். எண்ணெய் அளவுக்கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது.

"சார், கழுத்து வரைக்கும் ஊத்தி வெச்சிகீறே. சூடானா அது எங்க போவும்? மூச்சு வுட்ற ஓட்டை வழியா வந்துகினு கீது."

அப்புறம்தான் எங்களுக்கு விளங்கியது. வீட்டுச் சரிவில் காரின் மூக்கு மேலே தூக்கி நிற்கும். எண்ணெய் பின்னால் ஒதுங்கிவிடும். முன்னால் இருக்கிற அளவுகோல் குறைவாகக் காட்டும். முதலில் குறைகிறதே என்று இவர் ஊற்றினார், பிறகு ஒழுகுகிறதே என்று ஊற்றினார். இவர் ஊற்றியதால்தான் அது ஒழுகியது. முதலில் சிரித்தவரும் இவர்தான். "எங்க ஊர்ல, போதும்னு இலையை மறைச்சாலும் கைக்கு மேலயே ஒரு கரண்டி ஊத்துவோம்லா. அந்தப் புத்திதான்" என்றார். அதிகப்படி எண்ணெயை வடித்தார்கள். வீட்டுக்கு வந்து மரத்தூளும் சோப்பும் போட்டு இருவரும் சரிவைத் தேய்த்தோம். அதற்குப் பிறகு ஒரு சொட்டு விழவில்லை. காரை விற்கும் பேச்சும் எழவில்லை.

பரீட்சையன்று காலையில் கேட்டைத் திறந்தால், வாசலை அடைத்துக்கொண்டு அந்த வருஷத்தின் மிகப் பெரிய கோலம். நடுநடுவே சாணி உருண்டைகளில் பூசணிப்பூ. கார் உள்ளே நின்றது, வெளியே போக வேறு வழி கிடையாது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வண்டியைக் கிளப்ப மனசு வரவில்லை.

மாமி இறங்கி வந்தார். குனிந்து பூசணிப்பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்.

"என்னடி பாத்துண்டு ஒக்காந்திருக்க? ஏத்திண்டு போ. கோலம் நாளைக்கும் போட்டுக்கலாம். லைசென்ஸ் இல்லாம மட்டும் ஆத்துக்குள்ள வராதே."