மடியில் வைத்த அமானத்

மஸ்கட் வேலைக்காக நான் அரபி படிப்பது உங்களுக்குத் தெரியும்.

இன்று காலை சிவாஜிநகரில் பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. வழக்கம்போல, சீட்டில் இருந்த அம்மாவிடம் பையைக் கொடுத்தேன். அவரும் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

பைக்கு வெளியே என் நோட்டு நீட்டிக்கொண்டிருந்தது. நேற்றைய பாடம், அலிஃப், மீம், நூன் என்ற மூன்றெழுத்து வேர். அதிலிருந்து பிறந்தவை அமான், பாதுகாப்பு. அமீன், நம்பத்தக்கவர். அமானத், நம்பி ஒப்படைத்த பொருள்.

"தம்பி, இது என்னா எழுத்து?"

"அரபிம்மா."

அவர் பையை என்னிடமே நீட்டினார். "நீயே வச்சுக்கப்பா. ஊர்ல குண்டு வெடிச்சதுலேர்ந்து எனக்குப் பயமா இருக்கு."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தி, பையைத் திறக்கச் சொல்லிக் கன்னடத்தில் அதட்டினார். "பேக் ஓப்பன் மாடி."

டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினேன். தயிர்சாதம். அடுத்து கண்டக்டர் நோட்டைக் காட்டி, "இல்லி ஏனு பரெதிதே?" என்று, என்ன எழுதியிருக்கிறது எனக் கேட்டார்.

"பாடம் சார்." யார் முகத்திலும் நம்பிக்கை இல்லை.

பின்சீட்டில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கு அந்த எழுத்து தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று அவரையே பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் தயிர்சாதத்தை நம்பி என்னை விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டுக்கு முருகன் காலண்டரில் அட்டை போட்டுவிட்டேன். நாளை அரபி வாத்தியார் காரணம் கேட்டால் என்ன சொல்ல? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.