சீமாட்டியின் தொடை வலி

பந்தய நாய்களுக்குத் தசை பிடித்துவிடுவதுதான் அவள் பிழைப்பு. காவலாளி முதல் பயிற்சியாளர் வரை எல்லாருக்கும் அவள் கைராசி அக்கா. நாயின் இரண்டு தொடைகளிலும் இரண்டு கைகளை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவுவாள். எந்தக் கையில் சூடு அதிகமாகத் தெரிகிறதோ அங்கேதான் கோளாறு. கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியில் வேறு உறுப்பினர்கள் கிடையாது.

சீமாட்டி என்ற நாய்க்கு வளைவில் திரும்பும்போது வலது தொடைத் தசை கிழிந்துவிட்டது. முதல் சில நாள் ஐஸ் ஒத்தடமும் கூண்டுக்குள் ஓய்வும். வீக்கம் வடிந்த பிறகு வெந்நீர்த் துண்டு, இதமாகப் பிடித்துவிடுவது, கயிற்றில் ஐந்து நிமிஷம் நடை, அப்புறம் பத்து நிமிஷம். அவசரப்பட்டால் ஒட்டின தசை மறுபடி கிழியும். எட்டாவது வாரம் டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, "சுத்தமா சேந்துடுச்சு" என்றார். ஆனால் அக்காவின் அறைக்குள் சீமாட்டி மூன்று காலில்தான் வந்தது.

"சனிக்கிழமை சோதனை ஓட்டம்க்கா. அன்னைக்கும் நொண்டினா பட்டியல்லேர்ந்து எடுத்துடுவேன், அப்புறம் அதுக்குப் பந்தயமே கிடையாது" என்றார் பயிற்சியாளர். போகிற போக்கில், "யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க" என்று ஆறுதல் வேறு.

அந்த ஆறுதல்தான் அக்காவைக் கொன்றது. தடவிப் பார்த்தால் சூடு இல்லை, முடிச்சு இல்லை. பின்னே ஏன் நொண்டுகிறது? கைக்கு வயசாகிவிட்டதா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணவரின் வண்டியில் ஏறியதும் அழுதேவிட்டாள்.

பஸ் ஓட்டுநரான கணவர் அரைமணி நேரமாக வேலி ஓரம் காத்திருந்தவர். "உன் சீமாட்டி இப்பதான் ஒரு காக்காயைத் துரத்திட்டு நாலு கால்லயும் பறந்துச்சு. உன் செருப்புச் சத்தம் கேட்டதும் ஒரு காலைத் தூக்கிடுச்சு" என்றார்.

"பொய் சொல்லாதீங்க."

"வெந்நீர்த் துண்டு, உன் கை, போதாததுக்குக் கண்ணு, ராசாத்தின்னு கொஞ்சல். யாருக்குத்தான் குணமாகத் தோணும்?"

சனிக்கிழமை அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றாள். ஓட்டம் தொடங்கும் கூண்டின் கதவு திறந்தது. சீமாட்டி புழுதி பறக்க ஓடி, தன் பழைய நேரத்தையே முறியடித்தது. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வெளியே ஓடிவந்தாள். அவளைக் கண்டதும் சீமாட்டி பரிதாபமாக வலது காலைத் தூக்கியது. பயிற்சியாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பட்டியலில் பெயர் நிலைத்தது.

அன்று சாயங்காலம் கணவர் வழக்கம்போல நாற்காலியில் சாய்ந்து, "தோள்பட்டை பிடிச்சிருக்கும்மா" என்றார். ஏழு வருஷமாகத் தினமும் சொல்வதுதான். அக்கா முதல்முறையாக இரண்டு தோளிலும் இரண்டு கைகளை வைத்துக் கண்ணை மூடினாள். இரண்டிலும் ஒரே சூடு.

"எந்தத் தோளு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "உனக்கு எது சவுகரியமோ அது."

அக்கா வெந்நீர் வைக்க எழுந்தாள்.