ஆட்டமிழக்காத மட்டையாளர்

ஹட்டன் பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்த சோலைமலைக்குக் குடியில்லை, சீட்டாட்டமில்லை. கொம்பியூட்டரில் கிரிக்கெட் ஆடுவதுதான் அவரைப் பிடித்த சனியன். அதையாவது ஒழுங்காக ஆடத் தெரியுமா என்றால் அதுவுமில்லை. போட்ட பந்திலேயே ஸ்டம்ப் பறக்கும்.

2007 மழைக்காலத்தில், சீடிக்கடை அழகன் விளையாட்டில் கள்ளத்தனம் செய்கிற மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"இதப் போட்டீங்கன்னா நீங்க அவுட்டே ஆக மாட்டீங்கண்ணே. வைரஸ் தடுப்ப மட்டும் நிப்பாட்டிருங்க. அது இருந்தா இத உள்ள விடாது."

ஏன் விடாது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாவி மனிதர் கேட்கவில்லை. நிறுத்திவிட்டு, கடை சாத்தும்வரை சிக்சராக விளாசித் தள்ளினார்.

மறுநாள் காலை கொம்பியூட்டரைத் திறந்தால் அதில் சேர்த்து வைத்திருந்த படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணம், சடங்கு எல்லாமே துடைத்துப் போட்டாற்போலக் காணோம். கல்யாண வீட்டுக்காரர்கள் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். வேலாயிக்கு என்ன சொல்வது?

வேலாயி குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனவள். றொசல்லத் தேயிலைத் தோட்டத்தில் அவள் அம்மா செத்தபோது லீவு கிடைக்கவில்லை. அந்த அம்மா அடையாள அட்டைகூட எடுக்காமல் போய்ச் சேர்ந்தவர். சவப்பெட்டியில் கிடத்தியிருந்தபோது சோலைமலை எடுத்ததுதான் அவருடைய ஒரே படம். சாவுப் படத்தைக் குழந்தைகள் இருக்கிற ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் வைக்க வீட்டார் பயந்தார்கள். மகள் வந்து பிரதி போட்டு வாங்கட்டும் என்று ஸ்டூடியோவிலேயே விட்டுவிட்டார்கள். கெமரா சிப்பையோ சோலைமலை அடுத்த கல்யாண வீட்டில் படம் பிடிப்பதற்காக எப்போதோ அழித்திருந்தார்.

கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு கண்டிக்கு ஓடினார். திறந்து பார்த்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "அந்த சீடியில வந்ததுதாங்க எல்லாத்தையும் தின்னுருச்சு."

அழகன், "எனக்கென்னண்ணே தெரியும்" என்று கையை விரித்தான். சோலைமலைக்குச் சோறு இறங்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு எங்காவது ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தார்.

அதற்குள் வேலாயி வந்து நின்றாள். ஏர்போட்டிலிருந்து நேரே வந்திருந்தாள், தோட்டத்துக்குக்கூடப் போகாமல். உளறிக்கொட்டி எல்லாவற்றையும் சொன்னார். மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று பயந்தார். அவளோ சூட்கேஸ் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"படம் போனா போகுதுண்ணே. நீங்க கிட்ட நின்னு பாத்தீங்கதானே? அம்மா மூஞ்சி கடைசியில எப்படி இருந்துச்சு? வலியோட இருந்துச்சா? அதையாவது சொல்லுங்க."

சோலைமலை வாயைத் திறந்தார். அன்று வெளிச்சம் போதாமல் சவப்பெட்டியைத் திருப்பி வைக்கச் சொன்னது, மாலையை ஒதுக்கச் சொன்னது எல்லாம் நினைவுக்கு வந்தன. அந்த முகம் மட்டும் வரவேயில்லை.