ஒவ்வொரு சொல்லாக அழித்தபோது

போன வாரம் மகள் கைப்பேசியில் குடை தேடிக்கொண்டிருந்தாள். பச்சை, மடக்குக் குடை, மரக் கைப்பிடி, பூப்போட்டது என்று ஒரு முழ நீளத்துக்குத் தட்டிவிட்டு, "ஒண்ணுமே வரலப்பா" என்றாள். "ஒரு வார்த்தைய எடுத்துட்டுப் பாரு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சொன்னதுமே உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஒரு குடைக்குப் போய் இப்படியா என்று நீங்கள் சிரிக்கலாம்.

என் முதல் வேலை செங்கல்பட்டில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையில். அடிபட்டு, பெயர் சொல்ல முடியாத நிலையில் வருபவர்களைக் கணினியில் பதிவதும், தேடி வரும் உறவினருக்குப் பார்த்துச் சொல்வதும் என் பொறுப்பு. பெயர் தெரியாதவர்களுக்கென்று 'அடையாளம்' என்றொரு பெட்டி உண்டு. நர்சு சொல்வதை அதில் அடிக்க வேண்டும். ஆறு மாதக் கணினி வகுப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு, அந்த மருத்துவமனையே என்னால்தான் ஓடுகிறது என்று நான் நினைத்திருந்த காலம். இப்போதும் எங்கே பினாயில் வாடை அடித்தாலும் அந்த அறையும் கன்னியம்மாவும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

கன்னியம்மாவுக்கு நெம்மேலிப் பக்கம் ஊர். மாமல்லபுரத்துக்கு ஓட்டல் வேலைக்குப் போன கணவர் இரண்டு நாளாக வீடு திரும்பவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நீலக் கோடு போட்ட சட்டை தம்பி. காக்கி பேண்ட்டு. கைல கறுப்புக் கயிறு. முன்பல்லு ஒண்ணு இல்ல. எடது கால்ல ஆறு வெரலு."

அத்தனையையும் அடித்தேன். கொடுத்த சொல் எல்லாமே ஒரே பதிவில் இருந்தால்தான் அந்தத் தேடல் எதையாவது காட்டும். திரை காலியாக வந்தது.

"இங்க இல்லம்மா."

"வவுத்துல பால வார்த்தப்பா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கும் பெருமைதான். அவரிடம் கைப்பேசி எண்கூட வாங்கவில்லை. இல்லை என்றான பிறகு எதற்கு?

பக்கத்து மேசைச் செல்வம் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தார். அங்கே என்னைவிடப் பழையவர்.

"இன்னா மச்சான், எல்லாத்தயும் ஒண்ணாவா போட்ட? அடிபட்டு வந்தா மொதல்ல சட்டையத்தான் கத்தரிச்சுப் போடுறாங்க. கலர யாரு எழுதிகினு கீறாங்க?"

மறுபடி திரைக்குத் திரும்பினேன். சட்டையை அழித்துத் தேடினேன், இல்லை. பேண்ட்டை அழித்தேன், இல்லை. கயிற்றை அழித்தேன், இல்லை. இல்லை என்றே வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தேடுகிறவன் வேண்டுகிற வேண்டுதலா அது? பல்லையும் அழித்தபின் ஆறு விரல் மட்டும் மிஞ்சியது. சொன்னால் வெட்கம், கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் பொத்தானைத் தட்டினேன்.

ஒரு பதிவு வந்தது. வேறு ஷிஃப்ட்டில் யாரோ அடித்தது. ஆண், ஐம்பது வயது இருக்கலாம், இடது காலில் ஆறு விரல், நினைவில்லை, நிலைமை மோசம்.

செல்வத்தின் பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தோம். கன்னியம்மா ஊர்ப் பக்கம் போகும் மாமல்லபுரம் பஸ் கிளம்பியிருந்தது; பின்னாலேயே துரத்தினோம். பிடித்துவிட வேண்டுமே என்று ஒரு பயம், பிடித்துவிட்டால் என்ன சொல்வது என்று இன்னொரு பயம். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரம் கன்னியம்மா தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகத் தூங்காத தூக்கம், நான் கொடுத்தது. தோளைத் தொட்டேன்.

கண் விழித்தவர் என்னைப் பார்த்துப் பதறவே இல்லை.

"இன்னா தம்பி, இன்னும் எதுனா அடையாளம் சொல்லணுமா?"

 செல்வம்தான் மெதுவாகச் சொன்னார்: "வாம்மா. கீறாரு."

கணவர் அதன்பிறகு மூன்று நாள்தான் உயிரோடு இருந்தார். மூன்று நாளும் கன்னியம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. ஏன் இல்லை என்று சொன்னாய் என்று என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று அந்த வராண்டா பக்கமே போகாமல் ஒளிந்து திரிந்தேன்.

இப்போது அங்கே அந்தப் பெட்டி கிடையாது. வருபவரைப் படம் எடுத்துவிடுகிறார்கள். திரையைப் பார்த்து உறவினர் தலையாட்டினால் போதும். நல்ல ஏற்பாடுதான். யாரும் யாரையும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. கன்னியம்மா ஒன்று விடாமல் சொன்ன கணவரை நான் ஒவ்வொன்றாக அழித்துத்தான் கண்டுபிடித்தேன். தேடிய சொற்களை அந்தக் கணினி சேமித்து வைத்ததில்லை; நான்தான் வைத்திருக்கிறேன்.