கிருமிக்குக் கஞ்சி வார்க்காத காக்கா

தந்தவனே எடுத்துக்கொண்டான், எல்லாப் புகழும் அவனுக்கே. எங்கள் காக்கா, என் மூத்த அண்ணன், மௌத்தாகி ஓராண்டு நிறைகிறது. அழுதுகொண்டே எழுதினால் காக்காவுக்குப் பிடிக்காது. எனக்கும் அது வராது.

காக்கா நிந்தவூரில் வயல் செய்த குடும்பத்தின் மூத்த பிள்ளை. நான் கடைக்குட்டி. வாப்பா இருமியிருமியே மௌத்தானார். அன்றைக்கே அந்தக் காச வருத்தத்தோடு காக்கா பகை பிடித்துவிட்டார் போலும். படித்து, கல்முனையில் சளி பரிசோதிக்கும் வேலையில் சேர்ந்தார். ஹர்த்தால் நாளில் பஸ் ஓடாவிட்டாலும் சைக்கிளில் போவார். "கிருமி ஹர்த்தால் பாக்காது" என்பார்.

பத்து ஆண்டுகளுக்கு முன், எண்பதுகளின் தொடக்கத்தில், அதே காசம் எனக்கும் வந்தது. பாலமுனையில் எனக்குச் சம்பந்தம் பேசியிருந்த நேரம். இரண்டு மாதம் குளிசை விழுங்க இருமல் நின்றது, முகம் தெளிந்தது. அப்போது நோன்பு வந்தது. மாப்பிள்ளையின் சாச்சி, அதாவது சின்னம்மா, இருந்தது எங்கள் அடுத்த வளவு வீட்டில். நான் நோன்பு பிடிக்காவிட்டால் வருத்தக்காரி என்று தெரிந்துவிடும், சம்பந்தம் போய்விடும். ஆகவே நோன்பைப் பிடித்தேன், காலைக் குளிசையை விட்டேன். சுகமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் காக்காவை ஏய்ப்பது லேசா? அந்தச் சிவப்புக் குளிசையை விழுங்கினால் சிறுநீர் செம்மஞ்சளாகும். வாரம் ஒருமுறை சின்னப் போத்தலில் எடுத்து வைக்கச் சொல்வார். நானும் சளைத்தவளா? சிறுநீருக்குள் சர்பத் கரைக்கும் சிவப்புப் பாகை நாலு துளி விட்டு, குலுக்கி, ஜன்னலோரம் வைத்தேன்.

காக்கா வந்து போத்தலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புள்ள, இதுக்க எறும்பு மொய்க்குதே. ஒனக்குச் சீனி வருத்தமும் வந்திட்டா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்! எனக்கு வந்த கோபத்தில் போத்தலை எறிந்திருப்பேன். உம்மா ஓடி வந்தா. நான் குளறி அழுதேன்.

காக்கா பக்கத்தில் இருந்து கதைத்தார். "ஒன்ட உடம்பு கிருமியச் சுத்தி வளைச்சிரிக்கி. அதுக்குக் காத்துமில்ல, தீனுமில்ல. வேற உசிரெண்டாச் செத்திரும். இது பெருகுறத நிப்பாட்டிரும், கொழுப்பத் திண்டு மெல்ல மெல்ல உசிரப் புடிச்சிக்கிட்டுக் கிடக்கும். எங்கட குளிசை பெருகுற கிருமியக் கெதியாக் கொல்லும். சும்மா கிடக்கிறதக் கொல்ல மாசக்கணக்காகும். ஒன்ட கிருமி சாகல்ல புள்ள, நோன்பு புடிச்சிக்கிட்டு இரிக்கி."

"அதுக்கும் நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சணுமாக்கும்!" என்றேன், மூக்கைச் சிந்திக்கொண்டு.

"நீ குளிசைய உட்டா, அதுதான் அதுக்குக் கஞ்சி. எழும்பி, திரும்பப் பெருகும். மறுகா இந்தக் குளிசைக்கும் மசியாது. வாப்பாவ நான் சுமந்தது போதும்."

சம்பந்தம் போனால் போகட்டும், நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றேன். அடுத்த நாளே காக்கா பாலமுனைக்குப் போய் ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.

அதற்கு மறுநாள் மாப்பிள்ளையின் உம்மா, என் மாமி, எங்கள் வாசலில்! முடிந்தது கதை என்று அறைக்குள் ஒளிந்தேன். மாமி நேரே உள்ளே வந்து கட்டிலில் இருந்தா.

"வருத்தக்காரிக்கு நோன்ப விட அல்லாஹ்வே சலுகை தந்திரிக்கான். நீ ஆரு மகள் அத வேணாமெண்டுறதுக்கு? குளிசையப் போடு. முடியட்டும், கலியாணத்துக்கு நாள் வைப்பம். என்ட மகன் எங்கயும் ஓடமாட்டான்."

முதல் குளிசையை மாமியின் முன்னாலேயே விழுங்கினேன். கடைசிக் குளிசை வரைக்கும் காக்கா என்னை விடவில்லை. பிறகு சளியைப் பார்த்து, "ஒண்டுமில்ல" என்று தெருவில் நின்றே கத்தினார். அந்த மாதமே கலியாணம். விட்ட நோன்புகளையும் பிடித்து முடித்தேன்.

காக்கா நெஞ்சுநோவில் கிடந்த நாட்களில் இரவு பகல் பாராமல் பார்த்த அவரது மனைவி, எங்கள் மச்சிக்கும், வைத்தியருக்கும், நாளாந்தம் கஞ்சியோடு வந்த என் மாமிக்கும், ஜனாஸா அடக்கத்துக்குப் பொத்துவில், காரைதீவு என்று எங்கிருந்தெல்லாமோ வந்த காக்காவின் நோயாளிகளுக்கும் எங்கள் நன்றி. காக்காவுக்காக துஆச் செய்யுங்கள்.

எனக்கு இப்போது மூன்று பிள்ளைகள். பின்னேரங்களில் நிந்தவூர்க் கடற்கரையில் அவர்களோடு ஓடிப்பிடித்து விளையாடுகிறேன். மூச்சு வாங்குவது அவர்களுக்குத்தான்.