மேட்டு லைனுக்கு ஏறி வந்தவர்

எழுபதுகளின் தொடக்கம். கம்பத்துக்கு மேலே மலையில், ஆனைக்கரைக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் நானும் கணவரும் கூலி வேலை பார்த்தோம். கூலிக்காரர் வீடுகள் வரிசையாக இருந்த மேட்டு லைனில் கடைசி வீடு எங்களுடையது.

அம்மை குத்துவதற்கு ஒரு சுகாதார ஊழியர் வருவார். நல்லேப்பிள்ளி என்ற ஊர்க்காரர். பட்டாளத்தில் இருந்தபோது பனியில் இடது கால் விரல்கள் போய்விட்டனவாம். அதன்பிறகுதான் இந்த வேலை. மனைவியும் வயலும் ஊரில் இருக்க, இவர் மாதக்கணக்கில் இங்கே மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

மூத்த பிள்ளையைக் காய்ச்சலில் பறிகொடுத்தவள் நான். குத்தினால் காய்ச்சல் வரும் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். அதனால் கைக்குழந்தையை உள்ளே மறைத்துவிட்டு, "பிள்ள கம்பத்துல எங்கம்மா வீட்டுல இருக்கு சார்" என்று இரண்டு முறை அவரைத் திருப்பி அனுப்பினேன்.

மூன்றாவது முறை மழையில் வந்தார். அதே பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே குழந்தை அழுதுவிட்டது. அவர் கோபப்படவில்லை. நனைந்த படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொருக்கா ஏற முடியுமான்னு தெரியலீங்க அம்மிணி. எதுக்குப் பயப்படறீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

சொன்னேன்.

"ஒரு வாரம் கழிச்சுக் காய்ச்சல் வருமுங்க. வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு மூணு நாள்ல போயிருமுங்க. அம்மை வந்தா அப்படிப் போகாதுங்க."

பொய் என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஏழாம் நாள் உடம்பு அனலாய்க் கொதித்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். மத்தியானம் பார்த்தால், ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு அவரே வாசலில் நிற்கிறார். மூச்சு வாங்கியது. குழந்தையின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"குத்துனது நல்லாப் பிடிச்சிருக்குதுங்க. மூத்தது நெனப்பு வந்து தவிச்சுட்டு இருப்பீங்களேன்னுதான் வந்தேன்."

அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

சில வருடம் கழித்து அந்த வேலைக்கு வேறொருவர் வந்தார். பழையவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போன ஒரு வருடத்துக்குள் இறந்துவிட்டார் என்று அவர்தான் சொன்னார். அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

நான்கு முறை என் வாசலுக்கு ஏறி வந்தவரை ஒரு முறைகூட உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் சொன்னதில்லை. இப்போது சர்க்கார் பையோடு யார் வந்து நின்றாலும், விஷயத்தைக் கேட்பதற்கு முன் உட்காரச் சொல்லிவிடுகிறேன், அது அவருக்குப் போய்ச் சேராது என்று தெரிந்தும்.