மாமாவின் தொப்பையும் கத்தரிக்காய் வாளியும்

ஆம்பூர் பொதுமக்களுக்கு முக்கிய அறிவிப்பு: காணாமல் போன என் மாமாவின் பைக் சாவி, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த கத்தரிக்காய் வாளிக்குள்ளிருந்து பத்திரமாக மீட்கப்பட்டது.

ஒளித்து வைத்த மாவீரன் நான்தான். இன்று இரண்டு உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் காதுகுத்து. மாமா இரண்டு பீர் குடித்துவிட்டு, அத்தையைப் பின்னால் உட்கார வைத்து ஹைவேயில் நாட்றம்பள்ளிக்குக் கிளம்பப் பார்த்தார். சாவியைக் காணோம்.

வேலூரில் நர்சிங் படிக்கும் என் அக்கா, "குடிச்சிட்டு ஓட்டாதீங்க மாமா" என்றாள்.

"என் வெயிட்டுக்கு ரெண்டு பீர் இன்னா பண்ணும்? பொம்பளைங்களுக்குதான் சீக்கிரம் ஏறும்."

"ஏறும்தான். அவங்க உடம்புல கொழுப்பு ஜாஸ்தி, தண்ணி கம்மி. சரக்கு தண்ணிலதான் கலக்கும், கொழுப்புல கலக்காது. உங்க வெயிட்டு பூரா தொப்பைல இருக்குது. அப்புறம் ஆம்பளைன்னு இன்னா லாபம் மாமா?"

மாமா குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

அத்தை பையை எடுத்துக்கொண்டார். "நான் பஸ்ல போறேன். நீங்க உங்க தொப்பையைக் கூட்டினு வாங்க."

மாமாவும் பின்னாலேயே போனார்.

இப்போதுதான் அத்தை போன் செய்தார். "வந்து சேர்ந்துட்டோம்டா. உங்க மாமா பஸ்ல ஏறினதுல இருந்து ஒரே குறட்டை."

அந்தக் குறட்டை பைக்கில் வந்திருந்தால்? நன்றி அக்கா. படிப்பாளி என்று இனிமேல் உன்னைக் கிண்டல் செய்ய மாட்டேன். இந்த வாரம் மட்டும்.

ஒரு சின்னத் திருத்தம். சாவியை வாளியில் போட்டபோது மாமா பாட்டிலையே திறக்கவில்லை. பந்தியில் யார் இலையில் விழுகிறது என்று பார்க்கத்தான் போட்டேன்.

மாமாவை யாரும் டேக் செய்யாதீர்கள்.